அக்கரைக் கௌதாரி

"அக்கா, இது இவ்வளவு கூப்பிட்டும் நம்ம கௌதாரிங்க ஏன் திரும்பியே பார்க்கல?" என்று கேட்டாள் கௌதாரி பிடிக்கும் வீரணனின் சின்ன மகள். பறவைகளை ஆராய வந்திருந்த மெஹருன்னிசா அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

குரல் கொடுத்துக் காட்டுக் கௌதாரிகளை வலைக்கு வரவழைக்க, ஆற்றின் அக்கரையில் பிடித்த ஆண் பறவையொன்றை வீரணன் கூண்டில் பழக்கியிருந்தார். பத்து நாளாக அது கூப்பிட்டது. இக்கரைப் புதரில் ஒரு தலைகூட நிமிரவில்லை.

"தொண்டை கெட்ட பய. நாளைக்குக் குழம்புதான்," என்றார் வீரணன்.

இரு கரைக் குரல்களையும் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேட்டபோது இரண்டும் வெவ்வேறு மெட்டாக இருக்க, மெஹருன்னிசாவுக்கு உடல் சிலிர்த்தது. நெடுந்தூரம் பறக்காத பறவை. நடுவே அகன்ற ஆறு. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் ஒரு குலம் மெல்ல இரண்டாகிக்கொண்டிருந்தது. படைத்தவன் இன்னும் வேலையை நிறுத்தவில்லை, அவனுக்கு அவசரமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதை எனக்குக் கொடுத்திடுங்க."

"குழம்புக்கா?"

"இல்லண்ணே. இது எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்."

வீரணன் சிரித்தார். "வாத்தியாரைத் தின்னா பாவம்தான். எடுத்துட்டுப் போம்மா."

பாலம் எட்டு மைல் தள்ளி இருந்தது. மறுநாள் விடியலில் கூண்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தனியாகவே நடந்தாள். அக்கரையில் ஆளில்லாத கரட்டு மேட்டில் கூண்டைத் திறந்துவைத்து விலகி நின்றாள். பறவை வெளியே வரவில்லை. பழக்கத்தில் ஒருமுறை கூப்பிட்டது.

முள்ளுக்காட்டில் மூன்று இடங்களிலிருந்து பதில் வந்தது.