சீல் உடைத்த டப்பா

வெளிநாட்டு வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன இன்ஜினியரை, மருந்துக்கடை வாசலில் அந்தப் பெண் மறித்தாள்.

"காசு வேண்டாங்கய்யா. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் மட்டும் வாங்கிக் குடுங்க."

"குழந்தையே கையில இல்ல, பாருங்க சார். ஊருக்குப் புதுசுன்னு உங்க தலையில மிளகா அரைக்கிறா," என்றார் கூட வந்த அவருடைய கார் டிரைவர். "நாம நகர்ந்ததும் இதே கடையில திருப்பிக் குடுத்துக் காசாக்கிடுவா."

இன்ஜினியருக்குச் சுர்ரென்றது. ஒரு டப்பா வாங்கி, சீலைக் கிழித்துத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப வித்துக் காட்டு, பாக்கலாம்!"

அவள் வாங்கவில்லை.

"என் புள்ள எதிர் ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்குய்யா. சீல் உடைஞ்ச டப்பாவ நர்ஸம்மா உள்ளயே விடமாட்டாங்க. குடுக்க மனசில்லன்னா பேசாமப் போயிருக்கலாமே. எதுக்கு வாங்கி உடைச்சீங்க?"