பத்தாவது பொத்தான்

வயலினில் கைக்கு அடங்காத இரண்டு வரிகளை மகள் தினமும் மெதுவாக வாசிப்பாள். பிசகாமல் வாசித்து முடித்தால், மேசையிலிருக்கும் பத்துச் சட்டைப் பொத்தான்களில் ஒன்றை இடமிருந்து வலப்பக்கம் நகர்த்துவாள். ஒரு சுரம் பிசகினாலும் எல்லாம் இடப்பக்கத்துக்கே திரும்பிவிடும். பத்தும் வலப்பக்கம் சேர்ந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

அவள் இறந்த அன்று வலப்பக்கம் ஆறு இருந்தன. நாங்கள் தொடவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

மறுவாரம் ஏழு இருந்தன.

"நீ நகர்த்தினியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நான் அந்தப் பக்கமே போகலைங்க."

பிறகு எட்டு. நேற்று ஒன்பது.

இன்று காலை மனைவி ஒன்பதையும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"பத்தும் சேர்ந்துட்டா அவ எழுந்து போயிடுவா. எங்கயோ பிசகிடுச்சுன்னு நெனச்சு, முதல்லேருந்து வாசிக்கட்டும்."