வேலி இல்லாத கொல்லை

“பனமலையிலேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. நீ இன்னும் எழுதிக்கினே இருக்கறியே!” மகளைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள் தையல்நாயகி.

“ஒரே கேள்விதாம்மா பாக்கி. நாளைக்குக் காலைல திண்டிவனம் ஆபீஸ்ல விண்ணப்பத்தக் குடுக்கலன்னா, என் மல்லாட்டை ஆராய்ச்சிக்குப் பணமே வராது.”

‘நிலக்கடலை ஆய்வு முடிவுகளை விவசாயிகளுக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்ற அந்தக் கேள்வியோடேயே அம்சா காபித் தட்டை ஏந்திக் கூடத்துக்கு வந்தாள். அவளைப் பாடச் சொல்வதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

“புது மல்லாட்டை விதை நல்லதுன்னு ரேடியோல சொன்னா, போடுவீங்களா?”

“ரேடியோக்காரனா பயிர் வெச்சான்?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“நோட்டீஸ் குடுத்தா?”

“பொட்டலம் மடிக்கலாம்” என்று சிரித்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீலச் சட்டைக்காரன். “அடுத்தவன் கொல்லைல நல்லா காய்ச்சிருந்தா, யாரையும் கேக்காம ரெண்டு செடியப் புடுங்கிப் பாப்போம். அப்பதாங்க நம்புவோம்.”

“அதான்! ரோட்டோரக் கொல்லைல வெதைக்கணும், வேலியே போடக் கூடாது!” அம்சா உள்ளே ஓடி, அதை அப்படியே எழுதி முடித்தாள்.

பின்னாலேயே வந்தாள் தையல்நாயகி. “மாப்பிள்ளையப் புடிச்சிருக்காடி?”

“ரொம்ப! அந்த நீலச் சட்டை...”

“அடிப்பாவி! அவரு கார் ஓட்டிக்கினு வந்தவரு. மாப்பிள்ளை தூணோரமா உக்காந்துக்கினு இருக்காரு!”

அம்சா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை டிரைவர் பக்கம் திரும்பினார்.

“அப்போ எங்க ரோட்டோரக் கொல்லைல செடி புடுங்கறது நீதானா? நல்லதாப் போச்சு. நாளைக்கே வேலியப் பிரிச்சிடறேன். அவங்க வந்து வெதைக்கட்டும்.”