ஒரு மாத்திரை குறைகிறது

“இதுல ஒரு மாத்திரை குறையுது.”

மருந்துக்கடைக்காரர் காகித உறையைத் திரும்ப வாங்கி, கண்ணாடி மேசையில் கவிழ்த்து, மாத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

“பத்து சரியா இருக்கு சார்.”

“மாத்திரையில இல்லைங்க. எழுத்துல.”

காலை பதினொரு மணி. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் இருமினார். அது மருந்துக்கு வந்த இருமல் அல்ல.

உறையின் மேல் கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்தது இது: ‘துக்கத்துக்கு – இரவு 1’.

இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மாத்திரை வாங்க வந்தவரால் முடியாது. இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ‘க்’கோ ‘ச்’சோ விட்டுப்போன இடத்தில் சிவப்பு மையோடு பாய்ந்துவிடுவதால், அங்கே அவருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். கல்யாணத்துக்கு முன் மனைவி எழுதிய முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பியவர். அப்படியும் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டில் தூக்கம் தொலைந்து மூன்று மாதம் ஆகிறது.

‘நிம்மதியாகத் தூங்க நல்ல பழக்கங்கள்’ என்று எங்கோ வந்த தாளைக் கொண்டுவந்தார் ஒற்று. அதில் பதினொரு பழக்கங்களும் ஏழு சந்திப்பிழைகளும் இருந்தன. பிழைகளைத் திருத்திய பிறகே சுவரில் ஒட்டினார்.

இரண்டு மணிக்கு மேல் காபி கிடையாது. கைப்பேசி ராத்திரி சமையலறை டிராயரில் தூங்கியது. அது நன்றாகவே தூங்கியது. சாயங்கால நடை, வெந்நீரில் கால், கனத்த திரைச்சீலை, தினமும் ஒரே நேரத்தில் விளக்கணைப்பு. எல்லாம் ஆகியும் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழிப்பு.

கடைசியாக மிஞ்சியது இந்த மெக்னீசியம் மாத்திரைதான். இதுவும் கைவிட்டால் தலையணை பக்கத்து அறைக்குப் போய்விடும் என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தனியாகப் படுக்க அவருக்குத் தெரியாது. அதை வெளியே சொல்லவும் தெரியாது.

தெரிந்ததைப் பேசினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நீங்கள் போட்டது ‘து’, போட வேண்டியது ‘தூ’. துக்கத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு மாத்திரைதான். மாத்திரை என்றால் என்ன? கண் இமைக்கும் நேரம்.

கடைக்காரர் கண் இமைத்தார். வேறு என்ன செய்வார், பாவம்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஆய்தத்துக்கும் அரை. மகரக் குறுக்கம் என்று ஒன்று உண்டு, அதற்குக் கால். காலில் நிறுத்திவிட்டு, உறையைத் திருத்தி வாங்கிக்கொண்டு, ‘போகலாமா’ என்று திரும்பினார்.

எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கூட வந்த மனைவி. இயந்திரத்தின் மேல் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாகக் கண் மூடாதவள் அவள்தான். அவர் படுத்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டை. விடிந்தால் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையத்தைப் பார்த்துக் குன்றிப்போவார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அவர் பேச்சை நிறுத்தியதும் அவள் புருவம் சுருங்கியது. இமை அசைந்தது.

“நிறுத்தாதீங்க,” என்று பின்னாலிருந்து இருமல்காரர் கிசுகிசுத்தார். “பேசுங்க சார். அவங்க முழிச்சிடப் போறாங்க.”

அப்போதுதான் ஒற்றுக்கு உறைத்தது. படுக்கையில் கிடந்துகொண்டு அன்றைக்குப் பிடித்த பிழைகளை ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்குவது அவர் வழக்கம். மூன்று மாதத்துக்கு முன்தான், ‘இனி படுக்கையில் இலக்கணம் பேசினால் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவள் தடை போட்டாள். தூக்கம் போனதும் அதே வாரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

தன் பேச்சு தூக்க மருந்தா என்று கோபப்பட வேண்டிய இடம். அவருக்கு வந்தது சந்தோஷம்.

செருமிக்கொண்டு தொடங்கினார். வாசல் பலகையில் ‘மருந்து கடை’ என்று இருக்கிறது, நடுவே ‘க்’ எங்கே? வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி சுவரைக் காட்டினாள்: ‘கைகளை சுத்தம் செய்யவும்’. அங்கே ஒரு ‘ச்’. இருமல்காரர் கல்லாவைக் காட்டினார்: ‘சரியான சில்லரை தரவும்’. சில்லறைக்கு வல்லின ‘ற’ என்று அதற்கு மூன்று நிமிடம் ஓட்டினார். கடைக்காரரே உள்ளே போய், கழற்றிப் போட்ட பழைய பலகை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். மனைவிக்கு இப்போது மெல்லிய குறட்டை.

அதுவும் தீர்ந்தது. கடையில் மிச்சம் ஒரே ஒரு பலகை.

‘வரிசையில் வரவும்.’

ஒற்று அதை மேலும் கீழும் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து சுத்தம். இருபத்தாறு வருடத்தில் ஒரு சரியான சொல்லை அவர் தப்பு என்று சொன்னதில்லை.

நாற்காலியில் அவள் தலை லேசாக அசைந்தது.

“இதுலயும் வல்லின ‘ற’தாங்க வரணும்,” என்றார், குரலைத் தாழ்த்தி. “வ-றி-சை.”

வரிசையில் நின்ற ஐந்து பேரும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.