மேப்பைத் தொடாதே!

அம்பத்தூரில் ஐ.டி. வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர்களுக்கு, செல்போன் மேப்பை வைத்துத் தமிழ் சொல்லித்தருகிறேன். அன்று வகுப்பு முடிந்ததும் ரோஹித்தைப் பிடித்தேன்.

“உனக்கு இன்னைக்குப் பரீட்சை. மேப்பைத் தொடாம, தமிழ்லயே வழி கேட்டு, கொரட்டூர்ல நான் சொல்ற அட்ரஸுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.”

வழியில் பைக்கை நிறுத்தி, ஒரு பூக்காரம்மாவிடம் பவ்யமாகக் கேட்டான்.

“இப்டியே போய், பால் பூத்தாண்ட லெஃப்ட்ல திரும்பு நைனா. அந்தத் தெருதான்.”

வாசலில் இறங்கியதும், “நூத்துக்கு நூறு!” என்று அவன் முதுகில் தட்டினேன்.

கதவைத் திறந்தாள் என் மனைவி.

“உங்க போன் சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சே! குடிவந்து ஒரு மாசமாச்சு, மேப் இல்லாம இன்னைக்குத்தாங்க நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்க!”

ரோஹித் பிழையே இல்லாத தமிழில் கேட்டான்:

“சார், உங்களுக்கு எத்தனை மார்க்கு?”