குருவிப் பெரட்டு

அன்று காலை சோலைமலை பேர் கூப்பிட்டு எடுத்த பெரட்டில் இருபத்தேழு பேரும் மல்லாந்து படுத்துக்கிடந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"பேரு கூப்பிட்டா எந்திரிக்கணும். எந்திரிக்காதவங்களுக்கு இன்னிக்கு வேலை இல்ல" என்றான் அவன், கணக்கப்பிள்ளையின் குரலிலேயே.

படுத்துக்கிடந்தவை மைனாக்களும் சிட்டுக்குருவிகளும். பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், விடிந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் விறைத்துக் கிடந்தன. உடம்பில் காயம் எதுவும் இல்லை. சோலைமலை அவற்றைப் பொறுக்கி வந்து வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தான். நிஜப் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்க இன்னும் நேரம் இருந்ததால் லயமே சுற்றி நின்று சிரித்தது.

"எப்படிப்பா செத்துச்சுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஒரு நாய அனுப்பியிருக்கான்ல. அது மேலேருந்து கொரைச்சிருக்கும். பயத்துல போய்ச் சேந்துருச்சுங்க."

"போடா."

"இல்லன்னா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கும். ஒங்க பாட்டன் எந்த மரத்துல பொறந்தான், அத்தாட்சி கொண்டான்னு கேட்டிருப்பாங்க. கவர்மெண்டு கச்சேரிக்கு அலைஞ்சு அலைஞ்சே உசிரு போயிருக்கும்."

இதற்கு ஆண்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய மனு இன்னும் கச்சேரியில்தான் கிடந்தது.

அப்போது கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ராசம்மா வந்தாள். லயத்தில் கடைசி வீடான ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருப்பவள், விதவை. கணக்கப்பிள்ளையானாலும் பக்கத்துக் காம்பராக்காரியானாலும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் அவளை யாருக்கும் பிடிக்காது.

குருவிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இந்தா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க…"

சோலைமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். மைனாக்களுக்குப் பக்கத்தில் மல்லாந்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கி, துடித்து அடங்கினான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"இப்பத்தான் வெளங்குது. நேத்து ராசம்மாக்கா இந்த வழியாப் பேசிக்கிட்டே போச்சு."

லயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"வெளாட்டு இல்ல தம்பி. நேத்து…"

இந்தத் தடவை நான்கு பேர் விழுந்தார்கள். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறந்தபோது பெண்களும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தார்கள். ராசம்மா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். கூடைக் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு மலைக்கு ஏறிப் போனாள்.

மத்தியானம் யாரோ வளர்த்த கோழி ஒன்றும் செத்தது. காலையில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ராசம்மாவுக்குக் கருநாக்கு என்று மலையில் கொழுந்து பறித்தபடியே பேசிக்கொண்டார்கள்.

மாலையில் பெண்கள் குடங்களோடு தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றபோது ராசம்மா வெறுங்கையோடு வந்தாள். சோலைமலையின் மனைவி பேச்சியம்மா முன்னால் போய் வழியை மறித்தாள்.

"வாயத் தொறக்காத. புள்ளைங்க நிக்கிற எடம்."

பேச்சியம்மாவின் நான்கு வயது மகள் பூரணி, பீலியில் விழும் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ராசம்மா அவளையே பார்த்தாள். பேச்சியம்மா பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"பாக்கவும் செய்யாத. போ."

ராசம்மா போனாள். அவள் மிதித்த மண்ணை ஒருத்தி அள்ளி, மூன்று முறை துப்பி, அவள் முதுகுக்குப் பின்னால் வீசினாள்.

மறுநாள் விடியும் முன்பே பூரணிக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தது. அடுத்த காம்பராவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. வெளிச்சம் வந்தபோது பதினொரு பேர் விழுந்து கிடந்தார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகத் தோட்டத்து லொறி வந்து நின்றது. பூரணிக்கு லொறி தேவைப்படவில்லை.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் டக்ளஸ் மேட்டில் ஏறி, பீலிக்குத் தண்ணீர் வரும் தொட்டியைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு அடியைத் துழாவினார். விரல்களில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"தேயிலைப் பூச்சிக்கு அடிக்கிற புது மருந்து" என்றார் கீழே இறங்கி வந்து. "குருவிங்க இதைத்தான் குடிச்சிருக்கு. நீங்களும் இதைத்தான் குடிச்சிருக்கீங்க."

காம்பரா காம்பராவாக விசாரித்துக்கொண்டு கடைசிக் காம்பராவுக்கு வந்தார். "ஒனக்கு ஒண்ணும் இல்லையா ராசம்மா?"

"இல்லீங்கய்யா. நேத்து காலையிலேருந்து நான் ஓடைத் தண்ணிதான் குடிக்கிறேன்."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம மருந்தடிக்கிற ஆளுங்க அந்தத் தொட்டியிலதான் டின்னு கழுவுனாங்க. பாத்துக்கிட்டேதான் போனேன். அப்ப ஒண்ணும் தோணல. குருவி செத்துக் கெடந்ததப் பாத்ததும் வெளங்கிருச்சு."

வெள்ளைத் துணி சுற்றிய பிள்ளையை மடியில் வைத்திருந்த சோலைமலை தலையைத் தூக்கினான். பிள்ளையைப் பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தடுமாறி நடந்து வந்தான். ராசம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"தெரியுமாக்கா? தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

ராசம்மா வாயைத் திறந்தாள். இந்தத் தடவை யாரும் கீழே விழவில்லை.

"நான் பேசுனா குருவி சாகும்னு நீதான தம்பி சொன்ன."