கழித்துவிட்ட காரணம்

இந்த முறையும் திரையில் முதலில் வந்து நின்றது தொட்டி கழுவும் அக்காதான்.

"பாத்தியா? நான் சொன்னப்ப நம்பல. இப்ப கம்ப்யூட்டரே கையைப் பிடிச்சுக் காட்டுது," என்றார் மேலாளர். டீயைக் கலக்கிய கரண்டியை நக்கிவிட்டு, சர்க்கரை டப்பாவில் குத்தி வைத்தார். "உனக்கும் ஒரு டீ போடவா?"

"சர்க்கரை வேண்டாம் சார்," என்றாள் அவள்.

அது கெட்டித் தயிரான யோகர்ட்டைக் கப்பில் அடைக்கும் தொழிற்சாலை. அவள் கணக்குப் பிரிவில் கடைசி ஆள். மாலை வகுப்பில் புள்ளியியல் படிப்பதால் இந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

கடைகள் திருப்பி அனுப்பிய கப்புகள் மேசைக்கு அடியில் கூடையில் கிடந்தன. மூடி உப்பி, ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பூசணம். காலையில் ஒன்று வெடித்து அவள் சட்டைக் கையில் தெறித்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தப் புளிச்ச வாடை போகவில்லை.

கப்புகள் ஏன் கெடுகின்றன? பால் எங்கிருந்து வந்தது, குளிர் அறையின் வெப்பம், கரண்ட் போன நேரம், யார் யார் எந்த நாளில் வந்தார்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாஃப்ட்வேரில் ஏற்றியிருந்தாள். வேண்டாததைக் கழித்து, உண்மையான காரணங்களை மட்டும் பொறுக்கித் தருவது அதன் வேலை. அது விடாமல் பொறுக்கியது அக்கா வந்த நாட்களை.

"கடிதம் அடிச்சாச்சு. முதலாளியம்மா கையெழுத்துப் போட்டதும் அந்தம்மா கிளம்பட்டும்," என்றார் மேலாளர்.

"சார், கீழ சிவப்புல ஒரு எச்சரிக்கை வருது."

"அது காலையிலேர்ந்து வருது. ஓடுற வண்டியில எதுக்கு நட்டைக் கழட்டுற, சாயங்கால காலேஜ்?"

அது அவர் அவளுக்கு வைத்த பெயர். தனக்குத்தான் பாடம் சரியாகப் புரியவில்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அவர் முதலாளியம்மாவை அழைத்துவரப் போனதும், வாசலில் வாளியோடு அக்கா நின்றாள்.

"ஏம்மா, என்னாலதான் எல்லாம் கெடுதுன்னு உன் பொட்டி சொல்லுதாமே? மருந்துத் தண்ணியில தேய்ச்சுத் தேய்ச்சு என் கை வெந்து கிடக்கு. இந்த வீச்சத்துக்குப் பெத்த புள்ளையே பக்கத்துல படுக்க மாட்டேங்குது. நான்தான் நாறடிக்கிறேனா?"

அக்காவின் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. "இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தாள்.

சிவப்பு எழுத்தை இவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தாள். 'இரண்டு காரணங்கள் அச்சு அசலாக ஒன்று. பின்னால் உள்ளது நீக்கப்பட்டது.'

ஒன்றையே இரண்டு தடவை ஏற்றிவிட்டோமோ என்று சரிபார்த்தாள். இல்லை. ஏற்றிய வரிசையில் நீக்கப்பட்டதைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் வைத்து மறுபடி ஓட்டினாள். பட்டியலில் அக்காவைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் 'மேலாளர் வந்த நாள்' என்று இருந்தது.

அதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். மேலாளர் சர்க்கரை டப்பாவில் நின்ற கரண்டியை எடுத்து, முதலாளியம்மாவின் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, கடிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தார்.

"மேடம், கொஞ்சம் பொறுங்க," என்றாள் இவள். "சார் இங்க வர்றதே சில நாள்தான். அந்த நாள்ல மட்டும்தான் அக்காவை வரச் சொல்றாங்க. தொட்டியெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு. ரெண்டு பேரோட நாளும் ஒண்ணுதான். அதுல யார் காரணம்னு இதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. முன்னாடி இருக்கிறவங்க மேல பழியைப் போட்டுட்டு, பின்னாடி இருக்கிறவங்களை விட்டுடுது."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீக் கோப்பையை எடுத்து மேலாளர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல கூத்தும்மா இது! நான் தொட்டியையா கழுவுறேன்? கப்புல அடைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கிறதோட சரி. மனசுக்குத் திருப்தியாகிற வரைக்கும், ஒரே தொட்டியில ஏழெட்டு வாய் பாப்பேன். யார் இவ்வளவு அக்கறையா பாப்பாங்க?"

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கழுவிட்டுத்தானே சார் மறுபடி உள்ள விடுவீங்க?"

முதலாளியம்மா ஒரு மடக்குக் குடித்தார்.

"எதுக்குக் கழுவணும்? என் வாய்தானே!"